வேருக்கு வார்த்த நீர்

புதிதாக நட்ட செடிக்கு நீர் வார்ப்பது எளிய வேலை என்று எண்ணாதார் யார்? குழாயைத் திறந்தால் நீர் வரும். நீர் பட்டால் செடி தளிர்க்கும். இவ்வளவுதானே என்று நானும் அறுபத்து நான்கு வயது வரை எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை எனக்குக் கற்பித்தவை, எங்கள் வீட்டுக் கொல்லையில் 2024ஆம் ஆண்டு தை மாதத்தில் நான் நட்ட ஏழு பூச்செடிகள். செடிகள் மட்டுமே கற்பித்தன என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நாற்காலியில் அமர்ந்தபடி, தளர்ந்த நாவால் ஒவ்வொரு சொல்லாகக் கோத்து என் இல்லாள் கற்பித்த பாடமும் அது. நம் பங்குக் குடும்பங்களில் நோயுற்றோரை வீட்டில் வைத்துப் பேணி வருவோர் பலர் உளர். அவர்களுள் ஒருவருக்கேனும் பயன்படும் என்று கருதியே என் பிழைகளை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நூம்பல். சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வரும் வேலப்பன்சாவடியை அடுத்த ஊர். நாங்கள் 1998இல் இங்கே ஒரு சிறு மனையில் வீடு கட்டிக் குடியேறினோம். அப்போது எங்கள் தெருவில் வீடுகளை விட வெற்று மனைகளே மிகுதி. ஒரு காலத்தில் நெல் விளைந்த மண். மழைக்காலத்தில் காலைப் பிடித்துக்கொள்ளும், கோடையில் பிளந்து வாய் திறக்கும். வீட்டின் பின்புறம் எஞ்சிய ஐந்நூறு சதுர அடி நிலத்தை என் மனைவி தன்னுடையது என்று எடுத்துக்கொண்டாள். நான் தொழிற்சாலையில் முறை மாற்றி வேலை பார்த்தவன். விடியலில் போவேன், அல்லது விடியலில் வருவேன். கொல்லையில் செம்பருத்தி பூத்திருக்கும். வீட்டில் மல்லிகை மணக்கும். திருவுருவங்களுக்கு முன்னே சனிக்கிழமை தோறும் புதுப் பூ இருக்கும். அவற்றுக்கு யார் நீர் விட்டார்கள், எப்போது விட்டார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

கேட்டது ஒரே ஒரு முறை. அதுவும் கடிந்துகொள்வதற்காகக் கேட்டது. 2019ஆம் ஆண்டுக் கோடையை இப்பகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். செம்பரம்பாக்கமும் புழலும் சோழவரமும் பூண்டியும் வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வாகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர். எங்கள் ஆழ்துளைக் கிணறும் காற்றைத்தான் இறைத்தது. லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த அந்நாட்களில், ஒரு மாலை அவள் நந்தியாவட்டையின் அடியில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்ப்பதைக் கண்டேன். “குடிக்க நீரில்லாத வேளையில் பூவுக்கு ஊற்றுகிறாயா?” என்று உரத்த குரலில் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீருமே அது என்பதை ஐந்து ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அந்தக் கோடையில் தெருவில் பலருடைய செடிகள் கருகின. எங்கள் நந்தியாவட்டை பிழைத்தது. நான் அதற்கும் நன்றி சொல்லவில்லை.

2023 அக்டோபரில் ஒரு காலை, காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்க முயன்றவள் சாய்ந்தாள். பக்கவாதம். வலக் கையும் வலக் காலும் செயலிழந்தன, பேச்சும் குழறியது. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினோம். கொல்லைப் பக்கத்துச் சன்னலருகே கட்டிலைப் போட்டேன். அவள் தன் செடிகளைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்பது என் நினைப்பு. ஆனால் டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயலின் மழை கொட்டியது. கொல்லையில் முழங்கால் அளவு நீர் நான்கு நாட்கள் வடியாமல் நின்றது. நீர் வடிந்தபின் எஞ்சியது சேறு. இருபத்தைந்து ஆண்டுகள் வளர்ந்த தோட்டம் ஒரு மாதத்துக்குள் பழுத்து, உதிர்ந்து, வெறுங்குச்சிகளாய் நின்றது. வறட்சிக்குத் தப்பிய நந்தியாவட்டையும் வெள்ளத்துக்குத் தப்பவில்லை. அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான், அழவில்லை.

பொங்கல் முடிந்த வாரத்தில் நான் ஒரு நர்சரிக்குச் சென்று ஏழு செடிகள் வாங்கி வந்தேன். இரண்டு செம்பருத்தி, இரண்டு குண்டுமல்லி, ஒரு நந்தியாவட்டை, ஒரு இட்லிப்பூச் செடி, ஒரு பவளமல்லி. ஓராண்டில் பூத்து மடிகிற செடிகள் வேண்டாம், பல்லாண்டு நிற்பவையே வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அது ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆளை வைத்துக் குழி தோண்டி நட்டேன். நாற்காலியில் அவளைக் கொல்லை வாயிலில் அமர்த்திக் காட்டினேன். அவள் இடக் கையால் என் கையைத் தொட்டாள்.

அன்று முதல் மாலைதோறும் நீண்ட ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நீர் பாய்ச்சினேன். ஒருநாள் தவறவில்லை. இலைகளின் மீது நீர் தெறித்து மின்னுவதைக் காணும்போது பெரும் கடமையைச் செய்து முடித்த நிறைவு உண்டாகும். மூன்றாம் வாரத்தில் குழாயடியை ஒட்டியிருந்த செம்பருத்தி வாடித் தலை கவிழ்ந்தது. தாகம் போலும் என்று காலையும் ஒருமுறை நீர் விட்டேன். மேலும் வாடியது. நண்பகலிலும் விட்டேன். இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அதே வாரத்தில் சுவரோரம் மேட்டில் நட்ட மல்லிகை ஒன்றும் காய்ந்தது. ஒரே குழாய், ஒரே நீர், ஒரே கை. இரண்டு செடிகள் சாகின்றனவே என்று மனம் கலங்கி அவளிடம் முறையிட்டேன்.

அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “பிடுங்கிப் பாருங்கள்” என்றாள்.

செம்பருத்தியைப் பிடுங்கினேன். வேர் கறுத்து வழுவழுத்து, சாக்கடை நாற்றம் அடித்தது. குழியின் அடியில் நீர் தேங்கியிருந்தது. மல்லிகையைப் பிடுங்கினேன். சுற்றியிருந்த களிமண் ஈரமாய்த்தான் இருந்தது. ஆனால் நர்சரிப் பையிலிருந்து வந்த மண்ணுருண்டை உள்ளே பொடியாய் உலர்ந்திருந்தது. ஒன்று நீரில் மூழ்கிச் செத்தது. மற்றொன்று நீரின் நடுவே தாகத்தால் செத்தது. இரண்டும் வாடியபோது எனக்கு ஒன்று போலவே தோன்றின.

பின்னர் அவள் சொல்லியும், நான் விசாரித்தும் படித்தும் இதன் காரணத்தை அறிந்தேன். நர்சரியில் செம்மண்ணும் எருவும் தேங்காய் நார்த் துகளும் கலந்த மண்ணிலே செடி வளர்கிறது. அதன் வேர்கள் எல்லாம் அந்தச் சிறு உருண்டைக்குள்ளேயே சுருண்டு இருக்கின்றன. நாம் அதைக் களிமண் குழியில் வைக்கும்போது, நட்ட முதல் வாரங்களில் அச்செடிக்கு உலகம் என்பது அந்த உருண்டை மட்டுமே. பக்கத்து மண்ணில் எவ்வளவு ஈரம் இருப்பினும் வேர் அங்கே செல்லும் வரை அது பிறர் வீட்டுச் சோறு. உருண்டையோ விரைவில் உலர்வது. ஒருமுறை முற்றும் உலர்ந்துவிட்டால் எளிதில் நீரை ஏற்பதுமில்லை. குழாயால் மேலே தெளிக்கும் நீர் அதன் தோளிலிருந்து வழிந்து ஓடிவிடும்.

நீர் மிகுந்தாலோ வேறு துன்பம். வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்தே அது உயிர்வளியைப் பெறுகிறது. களிமண் குழி தொட்டியைப் போல நீரைப் பிடித்துவைத்துக்கொண்டால், அந்த இடைவெளிகளெல்லாம் நீரால் நிரம்பி வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே நீரில் நிற்கும் செடியும் தாகம் கொண்டதைப் போலவே வாடும். அறியாதவன் அதைக் கண்டு மேலும் ஊற்றுவான். நான் செய்தது அதுவே.

“அப்படியானால் எப்போது ஊற்றுவது?” என்று கேட்டேன்.

“விரலை விட்டுப் பாருங்கள். செடியைக் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்” என்றாள். இந்தச் சொற்களைச் சொல்லி முடிக்க அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று. முடித்தபின் என் முகத்தைப் பார்த்து மேலும் சொன்னாள்: “என்னையும் அப்படித்தான் மூழ்க அடிக்கிறீர்கள்.”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அவளுக்கு நானே எல்லாம் செய்தேன். சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். தலை வாரினேன். டம்ளரை வாயருகே பிடித்தேன். அவள் ஒரு சொல்லைத் தேடத் தொடங்கினால் நானே அச்சொல்லைச் சொல்லி முடித்தேன். முப்பத்தைந்து ஆண்டு கவனியாதிருந்த கடனை மூன்றே மாதத்தில் அடைத்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. வாரம் இருமுறை வந்து இயன்முறைப் பயிற்சி அளித்த இளம்பெண், “ஐயா, அம்மா கரண்டியை வலக் கையால் பிடிக்கட்டும், சிந்தினால் சிந்தட்டும். தளர்ந்த கையை வேலை வாங்க வாங்கத்தான் மூளை அதை மறுபடியும் கற்றுக்கொள்ளும்” என்று பலமுறை சொல்லியிருந்தாள். நான் தலையசைப்பேன், அவள் போனதும் கரண்டியை நானே எடுத்துக்கொள்வேன். சோறு தரையில் சிந்துவதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை. அன்பு என்று நான் எண்ணியிருந்ததில் பாதி அன்பு. மறுபாதி என் பொறுமையின்மை.

அன்று முதல் கொல்லையிலும் அடுக்களையிலும் முறையை மாற்றினோம். கொல்லையில் நாங்கள் கைக்கொண்ட முறையை விரிவாகவே எழுதுகிறேன். இதே களிமண்ணில் செடி வைக்கும் பிறருக்கும் உதவக்கூடும்.

முதலாவது, எஞ்சிய ஐந்து செடிகளுள் பள்ளத்தில் இருந்தவற்றை மண்ணோடு தோண்டி எடுத்து, சற்று மேடாக்கி மறுபடி நட்டோம். குழாயை ஒதுக்கிவிட்டுப் பூவாளியை எடுத்தேன். இரண்டு வாரம் வரை அரை வாளி நீரைச் செடியின் அடியில், அந்த உருண்டையின் மீதே, மெல்ல மூன்று தவணையாக ஊற்றினேன். ஒரு தவணை ஊறிய பின்னரே அடுத்தது. ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்ப்பேன். ஈரம் ஒட்டினால் அன்று நீர் இல்லை. உலர்ந்திருந்தால் உண்டு. இரண்டு வாரத்துக்குப் பின் செடியைச் சுற்றி இரண்டு முழ அகலத்தில் வட்டப் பாத்தி கட்டி, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை முழு வாளி விட்டேன். இப்போது உருண்டைக்கு வெளியேயும் நீர் சென்றது. வேரும் அதைத் தேடிச் சென்றது. ஒரு குச்சியைச் செருகிப் பார்த்து, நீர் ஒரு சாண் ஆழம் இறங்கியதா என்று அறிந்துகொள்வேன்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நாள்தோறும் சிறிது சிறிதாக மேலே தெளித்தால் வேர் மேற்பரப்பிலேயே படரும். ஒருநாள் தவறினாலும் வெயிலில் கருகும். ஆழமாக விட்டு, இடைவெளி கொடுத்தால், மேல்மண் உலரும் நாட்களில் வேர் கீழ்நோக்கி இறங்கும். இடைவெளி என்பது புறக்கணிப்பு அன்று; அதுவும் வளர்ப்பின் ஒரு பகுதியே. மல்லிகை பயிரிடும் உழவர்கள் கார்த்திகை மாதத்தில் கிளைகளைக் கவாத்து செய்வதற்குமுன் சில நாட்கள் நீரை நிறுத்திவைப்பார்கள் என்று அறிந்தபோது, நீர் கொடாதிருப்பதற்கும் ஒரு பருவம் உண்டு என்பது எனக்கு விளங்கிற்று.

இரண்டாவது, மூடாக்கு. உதிர்ந்த இலைகளையும் தென்னை மட்டை நாரையும் பாத்தியில் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினோம். தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளிப் பரப்ப வேண்டும். ஒட்டினால் தண்டு அழுகும். கோடையில் மூடாக்கு உள்ள பாத்தியில் ஈரம் இரண்டு நாள் கூடுதலாக நின்றதைக் கண்கூடாகக் கண்டேன்.

மூன்றாவது, மண்பானை. சாயம் பூசாத சிறு பானைகளைச் செடிகளின் அருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, கொசு புகாமல் ஓட்டால் மூடினோம். மண் உலர உலரப் பானையின் உடலிலிருந்து நீர் கசிந்து வேருக்குச் செல்லும். மண் ஈரமாயிருக்கையில் கசிவு தானே குறையும். சீன நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட உழவு நூலிலேயே இம்முறை கூறப்பட்டுள்ளதாம். செடி கேட்கும் அளவுக்கு மட்டும் கொடுக்கும் அந்தப் பானை, எனக்கு ஆசானாக வாய்த்தது.

நான்காவது, எந்த நீர் என்பது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. பாத்தியில் வெள்ளைப் படலம் விடும். இட்லிப்பூச் செடியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாய், மற்றெல்லாம் வெளுத்து மஞ்சளாயின. காரத்தன்மை மிகுந்த மண்ணிலும் நீரிலும் அச்செடியால் இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள இயலாது என்பதே காரணம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. வாளி வைத்துப் பிடித்து அச்செடிக்கு விட்டோம். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளித்தள்ளும் நீரோ முன்னிலும் உப்பு ஏறியது. அது வாசல் கழுவ மட்டுமே. மற்ற செடிகளுக்கு அரிசி களைந்த நீரையும் விட்டோம். இந்த இடத்தில்தான் 2019ஆம் ஆண்டின் அந்த மாலையைப் பற்றி அவள் சொன்னாள். ஐந்து ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்தும் குறை கூறும் குரலில் சொல்லவில்லை. “அன்றும் இந்த நீர்தான்” என்றாள். நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, “என்னை மன்னித்துவிடு” என்றேன். திருமணமாகி முப்பத்தாறு ஆண்டுகளில் அச்சொல்லை நான் சொன்னது அதுவே முதல் முறை.

அடுக்களையிலும் இதே முறைதான். கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு என் கைகளை மடியில் வைத்துக்கொள்வேன். சிந்தும், துடைப்பேன். ஒரு சொல்லுக்காக அவள் திணறினால், நாவைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். காத்திருப்பது ஊட்டுவதைவிடக் கடினமான வேலை. சில நாள் அவள் கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுவாள். சில நாள் நான் எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வருவேன். எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகும்.

கத்திரி வெயில் வந்தது. பிற்பகலில் செடிகள் எல்லாம் துவண்டன. பழைய பழக்கத்தில் பூவாளியை எடுத்தேன். “சாயங்காலம் பாருங்கள்” என்று தடுத்தாள். கடும் வெயிலில், வேர் கொடுக்கும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் மிகும்போது செடி துவள்வதுண்டு. மண்ணில் ஈரமிருந்தால் வெயில் தாழ்ந்ததும் தானே நிமிரும். மாலையில் பார்த்தேன், நிமிர்ந்திருந்தன. காலையிலும் துவண்டிருந்தால்தான் அது தாகம் அல்லது நோய் என்று தெரிந்துகொண்டேன். அது முதல் விடியற்காலையே எங்கள் நீர் வார்க்கும் நேரம் ஆயிற்று. இரவு முழுதும் இலை நனைந்திருந்தால் பூஞ்சை பிடிக்கும்; காலையில் வார்த்தால் வெயில் ஏறுமுன் வேர் குடித்துக்கொள்ளும்.

அந்த விடியற்காலைகளில் அவளும் என்னுடன் வந்தாள். முதலில் நாற்காலியில்; பிறகு ஊன்றுகோலுடன். வாளியிலிருந்து சிறு குவளையால் மொண்டு பூவாளியை நிரப்புவது அவள் வேலை, வலக் கையால். முதல் வாரம் கால் குவளை நீர் வாளியைத் தாண்டாமலே சிந்திற்று. நான் பேசாமல் நின்றேன். வைகாசியில் அரைக் குவளை. ஆவணியில் முழுக் குவளை. ஒரு பூவாளியை நிரப்ப அவளுக்கு இருபது நிமிடம் ஆகும். நான் செய்தால் ஒரு நிமிடம். அந்தப் பத்தொன்பது நிமிடங்களைத்தான் முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் பகுதிக்குப் பூவிருந்தவல்லி என்று பெயர் வாய்த்தது பொருத்தமே. 11ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த திருக்கச்சி நம்பி என்னும் வைணவப் பெரியார் அங்கே நந்தவனம் வளர்த்து, அதன் மலர்களைக் காஞ்சி வரை கொண்டு சென்று வரதராசப் பெருமாளுக்குச் சாத்துவார் என்பது வரலாறாகப் போற்றப்படுகிறது. இவரை இராமாநுசர் தம் ஆசான்களுள் ஒருவராக மதித்தார். மலரைச் சுமந்து சென்றதை எல்லாரும் சொல்கிறார்கள். நாள்தோறும் அவர் நீரைச் சுமந்திருப்பார் அல்லவா? அதை நினைத்துக்கொள்வேன். நம் நற்செய்தியிலும் காய்க்காத அத்திமரத்துக்காக இன்னும் ஓராண்டு தவணை கேட்ட தோட்டக்காரர் ஒருவர் உண்டு. தவணை கேட்டதோடு அவர் நிற்கவில்லை. சுற்றிலும் கொத்தி எரு இடுவதாகவும் ஏற்றுக்கொண்டார். நட்ட செடி தன் வேரில் தானே நிற்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும் என்று அறிந்தபின், அந்த ஓராண்டுத் தவணையின் பொருள் எனக்குப் புதிதாக விளங்கிற்று.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. சென்னைப் பகுதிக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறக்குறைய 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. ஆகவே எங்கள் ஊரில் செடி வளர்ப்பவன் நீர் விடக் கற்பதோடு, நீரை வெளியேற்றவும் கற்க வேண்டும். வட்டப் பாத்திகளின் கரையை உடைத்துவிட்டோம். கொல்லையின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, 2003இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அமைத்த தொட்டியைத் தூர் வாரி, நீரை அதில் இறங்கச் செய்தோம். 2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது இங்கும் கனமழை பெய்தது. இரவெல்லாம் சன்னல் வழியே டார்ச் விளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. செடிகள் ஐந்தும் மேட்டில் நின்றன.

2025 தை மாதத்தில் ஓராண்டு நிறைந்தது. பூவாளியை நான் எடுக்கப் போனபோது, “இனி இவற்றுக்கு வாரம் ஒருமுறை போதும்” என்றாள். பவளமல்லி என் தோளுக்கு வளர்ந்திருந்தது. நந்தியாவட்டை அடர்ந்துவிட்டது. இட்லிப்பூவின் புதுத் தளிர் பச்சையாய் இருந்தது.

பங்குனியில் மல்லிகை மொட்டு விட்டது. முதல் நாள் பதினொரு மொட்டுகள். அவளே பறித்தாள். நூலை எடுத்து வந்து கட்ட முயன்றாள். இடக் கை நூலைப் பிடித்துக்கொள்ள, வலக் கை முடிச்சுப் போட வேண்டும். மொட்டுகள் நழுவி விழுந்தன. என் கை தானாக நீண்டது. பின்னர் அதை இழுத்துக்கொண்டேன். அடுக்களைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து ஐந்து மொட்டுகள் ஒரு நூலில் கோணலாகத் தொங்கின. அதை அவள் என்னிடம் நீட்டி, திருவுருவத்துக்குச் சூட்டச் சொன்னாள். மீதி ஆறை ஒரு கிண்ணத்தில் நீர் விட்டு மிதக்க வைத்தாள்.

அவளுடைய வலக் கால் இன்னும் சற்று இழுக்கிறது. சில சொற்கள் இன்னும் வருவதில்லை. எல்லாம் முன்போல் ஆகிவிடும் என்று மருத்துவர்கள் சொல்லவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. நட்ட ஏழில் இரண்டை நான் இழந்தேன் என்பதையும் மறக்கவில்லை. அவ்விரண்டின் இடத்தில் இதுவரை வேறு செடி வைக்கவில்லை.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் நோயாலோ முதுமையாலோ தளர்ந்த ஒருவர் இருக்கக்கூடும். புதிதாக வந்து இன்னும் வேரூன்றாத மருமகளோ, வேலை தேடி வாடும் மகனோ இருக்கக்கூடும். அவர்களுக்கு உங்கள் அன்பைப் பொழியும் முன் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் வேர் நனைய வாருங்கள். ஈரமிருந்தால் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு அருகில் அமர்ந்திருங்கள்.